கையில் இரண்டு ராஜா

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் உங்களுள் சிலர் புன்னகை புரியலாம்; உங்கள் பெற்றோருள் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களின் பைகளிலிருந்து சீட்டுக்கட்டுகளைப் பறிமுதல் செய்து, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியவன் நான். அந்தக் கட்டினுள்ளே எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்பதையும், அதைவிட எவ்வளவு மனித இயல்பு அடங்கியிருக்கிறது என்பதையும் என் அறுபத்து நான்காம் வயதில்தான் அறிந்தேன். அறிந்ததை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே வந்தேன்.

2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் என் மகள் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் இரவு உணவுக்குப் பின்னர் அவ்வீட்டு மேசையைச் சுற்றி நால்வர் அமர்வோம். என் மாப்பிள்ளை, பதின்மூன்று வயதுப் பேத்தி, பக்கத்து வீட்டு முதியவர், நான். அம்முதியவர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசையும் குறும்புப் பார்வையும் உடையவர். ஆட்டம் போக்கர். பந்தயப் பொருள் காய்ந்த மொச்சைக்கொட்டை. யார் வென்றாலும் யார் தோற்றாலும் மறுநாள் அம்மொச்சை என் மகள் கையால் குழம்பாகி நால்வர் இலைக்கும் சமமாகவே வந்து சேரும். இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் சொன்னேன் என்பது பின்னால் விளங்கும்.

நாங்கள் ஆடியது போக்கரின் ஒரு வகை; ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்பது அதன் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநிலத்து ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அது பிறந்தது என்பதை டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் ஒரு தீர்மானத்தின் வாயிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தின் முறை எளியது. ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். பின்னர் மேசையின் நடுவே மூன்று சீட்டுகளை எல்லோரும் காண ஒருசேரத் திறப்பார்கள்; அதனை ‘ஃப்ளாப்’ என்பர். அதன்பின் நான்காவதாக ஒன்று. இறுதியில் ஐந்தாவதாக ஒன்று. கைச்சீட்டு இரண்டும் பொதுச்சீட்டு ஐந்தும் ஆகிய ஏழனுள் சிறந்த ஐந்தைக் கொண்டு யார் கை உயர்ந்தது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஒருவர் வைத்ததற்கு ஈடாக நாமும் வைக்கலாம், கூட்டி வைக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். எவரும் வைக்காதபோது நாமும் வைக்காமல் முறையைக் கடத்தலாம். ஆட்டம் இவ்வளவுதான்.

முதல் வெள்ளியன்று எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன. ஜோடிகளில் ஏஸ் ஜோடி ஒன்றே அதனினும் பெரிது. குறிப்பிட்ட ஒரு ஜோடி ஒருவருக்கு வருவது 221 முறைக்கு ஒரு முறை. என் உள்ளம் துள்ளியது. துள்ளியதை மறைக்க முயன்றேன். “தாத்தாவுக்கு நல்ல சீட்டு வந்திருக்கிறது, காது சிவந்துவிட்டது” என்று பேத்தி சொல்லிவிட்டாள். இருந்தும் நான் பந்தயத்தைக் கூட்டினேன். மற்ற இருவரும் விலகினர். முதியவர் மட்டும் ஈடு வைத்தார். நடுவில் நாற்பது கொட்டைகள் சேர்ந்தன. மூன்று சீட்டுகள் திறக்கப்பட்டன. ஒரு ஏஸ், ஓர் ஏழு, ஓர் இரண்டு. மூன்றும் மூன்று இனம்.

ராஜாவுக்கு மேற்பட்ட சீட்டு ஏஸ் ஒன்றுதான். அது மேசையில் வந்து அமர்ந்துவிட்டது. முதியவர் கையில் இன்னோர் ஏஸ் இருந்தால் அவருக்கு ஏஸ் ஜோடி. என் ராஜாக்கள் இருவரும் அரசிழந்தவர்கள். இவ்வாறு நம் கை ஜோடியினும் உயர்ந்து பொதுவில் வந்து விழும் சீட்டை மேற்சீட்டு என்று சொல்லிக்கொள்வோம். முதியவர் இருபது கொட்டைகளை முன்னே தள்ளினார். எனக்கு வியர்த்தது. “போயிற்று” என்று என் இரண்டு ராஜாக்களையும் கவிழ்த்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தம் சீட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பத்துகள்! ஏஸ் இல்லை. மேசையின் மேலிருந்த ஒரு சீட்டைக் கண்டே நான் ஓடிவிட்டேன்.

அடுத்த வெள்ளி வந்தது. இம்முறை எனக்கு ராணி ஜோடி. பொதுவில் திறந்தவை ராஜா, எட்டு, மூன்று. மீண்டும் மேற்சீட்டு! முதியவர் பந்தயம் வைத்தார். சென்ற வாரத்து நாணம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ‘இனி ஏமாறேன்’ என்று ஈடு வைத்தேன். நான்காம் சீட்டு வந்தது, முன்னிலும் பெரிய பந்தயம் வைத்தார், ஈடு வைத்தேன். ஐந்தாம் சீட்டு வந்தது. மேலும் பெரியதாக வைத்தார். இவ்வளவு போட்ட பிறகு எப்படி விடுவது என்று எஞ்சியிருந்த கொட்டைகளையெல்லாம் தள்ளினேன். அவர் கையில் ராஜாவும் ஜாக்கியும் இருந்தன. முதல் பந்தயத்திலிருந்தே அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க மறுத்தவன் நான்.

முதல் வெள்ளியில் அச்சம். இரண்டாம் வெள்ளியில் பிடிவாதம். இரண்டிலும் நான் சிந்திக்கவில்லை என்பதே உண்மை. கணித ஆசிரியனாகப் பணி தொடங்கிய எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது. மறுநாட் காலையில் பேத்தியின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நன்று.

முதற்கேள்வி: இத்தகைய இடர் எத்துணை முறை வரும்? என் கையில் இரண்டு ராஜா. எஞ்சிய சீட்டுகள் ஐம்பது. அவற்றுள் ஏஸ் நான்கு, ஏஸ் அல்லாதவை நாற்பத்தாறு. மூன்று சீட்டும் ஏஸ் அல்லாதவையாக வர, ஐம்பதில் நாற்பத்தாறு, நாற்பத்தொன்பதில் நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டில் நாற்பத்து நான்கு ஆகிய மூன்று பின்னங்களையும் பெருக்க வேண்டும். விடை நூற்றுக்கு ஏறத்தாழ 77½. ஆகவே ஓர் ஏஸேனும் வருவது நூற்றுக்கு 22½. ராணி ஜோடிக்கு ராஜாவும் ஏஸும் மேற்சீட்டு. அவற்றுள் ஒன்றேனும் வருவது நூற்றுக்கு 41. ஜாக்கி ஜோடிக்கோ 57; அதாவது பாதிக்கு மேல். இரண்டு ஜாக்கிகளைப் பெற்றவன் மேற்சீட்டைக் கண்டு திகைப்பானாயின் தன் வாழ்நாளில் பாதியைத் திகைப்பிலேயே கழிக்க வேண்டியவனாவான். வரக்கூடியது என்று முன்னமே அறிந்த ஒன்று வரும்போது அதிர்ச்சி கொள்வது அறிவுடைமை ஆகாது.

இரண்டாம் கேள்வி: ஏஸ் மேசைக்கு வந்தபின் எதிராளியிடம் இன்னோர் ஏஸ் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இங்கே ஒரு வியப்பு உண்டு. ஃப்ளாப் திறப்பதற்கு முன்னால், எதிராளி எந்தச் சீட்டையும் பெற்றிருக்கலாம் என்று கொண்டால், அவரிடம் ஏஸ் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 15½. திறந்த பிறகு, காணாத சீட்டுகள் நாற்பத்தேழு. அவற்றுள் எஞ்சிய ஏஸ் மூன்றே. ஆகையால் வாய்ப்பு 12½ ஆகக் குறைகிறது. அதாவது எட்டில் ஒன்று. நம்மை அச்சுறுத்திய ஏஸ் மேசைமேல் இருப்பதனாலேயே அது எதிராளியின் கையில் இல்லை! இதை என் பேத்தியிடம் சொன்னபோது, “ஆமாம் தாத்தா, ஒரே ஏஸ் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே” என்றாள். குழந்தைக்கு உடனே விளங்கிய ஒன்றை அச்சம் என் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

ஆனால் எதிராளிகள் பலராயின் நிலை மாறும். இருவர் இருந்தால் அவர்களுள் ஒருவரிடமேனும் ஏஸ் இருப்பது நூற்றுக்கு 24. மூவர் எனில் 34. ஐவர் எனில் 52. ஒருவரோடு மோதும்போது துணிவாக நிற்பதும், பலர் நிற்கும் களத்தில் அடக்கமாக இருப்பதும் ஏன் நன்று என்பதற்கு இந்த எண்களே விடை.

இத்துடன் நின்றால் நாம் பாதிக் கணக்கனே. எதிராளி கிடைத்த சீட்டைக் கொண்டு கண்ணை மூடிக்கொண்டு ஆடுபவர் அல்லர். நான் கூட்டிய பிறகும் ஈடு வைத்தவர். ஆகவே நல்ல சீட்டுகளைத்தான் வைத்திருப்பார். அவர் எவ்வெவற்றை வைத்திருக்கலாம் என்று பட்டியல் போட்டேன். ஏஸுடன் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகியவற்றுள் ஒன்று இருக்கலாம். ஏஸ் மூன்று, ராஜா இரண்டு மீதி என்பதால் ஏஸ்-ராஜா ஆறு வகை. ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-பத்து ஒவ்வொன்றும் பன்னிரண்டு வகை. ஆக மொத்தம் 42. ஏஸ் இல்லாதவற்றுள், எட்டு முதல் ராணி வரை ஐந்து ஜோடிகள், ஜோடிக்கு ஆறு வகையாக 30, ராஜா-ராணி 8, ராணி-ஜாக்கி 16, ஜாக்கி-பத்து 16, ஆக 70. மொத்தம் 112 வகைகளில் 42 என்னை வெல்லும். 70 என்னிடம் தோற்கும். ஏஸைக் கண்ட பின்னரும் பெரும்பான்மை என் பக்கமே இருக்கிறது!

இனி அவருடைய பந்தயத்தைக் கவனிப்போம். ஏஸ் வைத்திருப்பவர் எல்லா முறையும் பந்தயம் வைப்பார் என்று கொள்வோம், அவை 42. ஏஸ் இல்லாதவர் ஐந்தில் ஒரு முறை ஏஸ் இருப்பதுபோல் பாசாங்கு செய்வார் என்று கொள்வோம். எழுபதில் ஐந்தில் ஒன்று 14. அவர் பந்தயம் வைத்துவிட்டார் என்ற செய்தி கிடைத்ததும் நம் உலகம் 112இலிருந்து 56ஆகச் சுருங்குகிறது. அந்த ஐம்பத்தாறில் நான் வெல்வது பதினான்கு. அதாவது நாலில் ஒன்று. நடுவில் நாற்பது, அவர் வைத்தது இருபது, நான் வைக்க வேண்டியது இருபது. இருபது கொடுத்து எண்பதைப் பெறும் நிலை. நாலில் ஒரு முறை வென்றாலே முதலுக்கு மோசமில்லை. ஆகவே ஈடு வைப்பதும் விலகுவதும் இங்கே ஏறக்குறைய ஒரே எடையில் நிற்கின்றன. தராசு இத்துணை நுண்ணியது!

இங்கே எதிராளி யார் என்பது தராசைச் சாய்த்துவிடும். ஏஸ் இல்லாதபோது ஐந்தில் மூன்று முறை பாசாங்கு செய்பவராயின் அவருடைய பொய் 42, மெய் 42, சரிபாதி. அவரிடம் தாராளமாக ஈடு வைக்கலாம். ஒருபோதும் பாசாங்கு செய்யாதவராயின் உடனே விலகுவதே முறை. சீட்டைப் படிப்பது பாதி வேலை. மறுபாதி ஆளைப் படிப்பது.

ஐந்தில் ஒரு முறை பாசாங்கு செய்யும் எதிராளியிடமே திரும்புவோம். அவர் நான்காம் சீட்டுக்குப் பிறகும் பந்தயம் வைக்கிறார் என்று கொள்வோம். அந்தச் சீட்டு எவருக்கும் உதவாத சிறு சீட்டு. ஏஸ் வைத்திருப்பவர் தயங்காமல் மீண்டும் வைப்பார், 42. பாசாங்கு செய்தவருள் பாதிப்பேர் இம்முறை துணிவிழப்பர், எஞ்சியது 7. இப்போது நாற்பத்தொன்பதில் ஏழு, ஏழில் ஒன்று. நடுத்தொகையில் பாதியளவுப் பந்தயத்துக்கு நாலில் ஒன்று வேண்டும். நம்மிடமோ ஏழில் ஒன்றுதான் இருக்கிறது. இப்போது அமைதியாகச் சீட்டைக் கவிழ்க்க வேண்டும். முதற் பந்தயத்துக்கு நின்றதும் சரி. இரண்டாவதற்கு விலகியதும் சரி. ஒரே கையில் இரண்டும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் என் தலையில் ஏறாமலிருந்த பாடம்.

மாறாக, அவர் பந்தயமே வைக்காமல் முறையைக் கடத்திவிட்டாரானால்? நம் கணக்கின்படி ஏஸ் உள்ளவர் எப்போதும் வைப்பார். ஆகவே அவருடைய மௌனமும் ஒரு விடை. அப்போது அளவான ஒரு பந்தயத்தை நாமே வைக்கலாம். ஆனால் கைதேர்ந்தவர்கள் ஏஸை வைத்துக்கொண்டும் மௌனம் காப்பதுண்டு. அதனால்தான் அளவான பந்தயம் என்றேன்.

ஈடு வைத்தல், விலகுதல் என்ற இரண்டையே பேசுகிறேன். கூட்டி வைப்பதைப் பேசவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்நிலையில் நான் முன்னால் இருந்தால் மிகவும் முன்னால் இருக்கிறேன். பின்னால் இருந்தால் மிகவும் பின்னால் இருக்கிறேன். எதிராளியிடம் ஏஸ் இருந்தால் என்னைக் காப்பவை எஞ்சிய இரண்டு ராஜாக்களே. மீதி இரண்டு சீட்டுகளில் அவற்றுள் ஒன்று வருவது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு முறை. அவரிடம் பத்து ஜோடி இருந்தால் அவருடைய கதியும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அவசரப்பட்டு எதிராளியை விரட்ட வேண்டிய தேவை எனக்கில்லை. நான் பெரிதாகக் கூட்டினால் பத்து ஜோடிக்காரர் விலகிவிடுவார். ஏஸ்காரர் மகிழ்ந்து நிற்பார். தோற்கவேண்டியவரை ஓட்டிவிட்டு, வெல்லப் போகிறவரை வரவேற்பதா? உரத்துப் பேசுவதால் உண்மை மாறிவிடாது. இத்தகைய இடங்களில் பந்தயத்தைச் சிறிதாக வைத்து, செய்தியைப் பெரிதாகச் சேர்ப்பதே விவேகம்.

நண்பர்களே, நான் இப்போது செய்து காட்டிய கணக்குக்கு ஒரு பெயர் உண்டு. தாமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்துப் போன ஒரு கட்டுரையை, அவர் இறந்தபின் 1763இல் ரிச்சர்டு பிரைஸ் என்ற அவருடைய நண்பர் வெளியிட்டார். முன்னர்க் கொண்ட ஒரு மதிப்பீட்டைப் புதிதாகக் கிடைத்த சான்றின் அளவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது எவ்வாறு என்பதே அதன் சாரம். இன்று மருத்துவச் சோதனையின் முடிவை எடை போடுவதிலும், மின்னஞ்சலில் வேண்டாத கடிதத்தை வடிகட்டுவதிலும் அந்நெறி பயன்படுகிறது. ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற இரு பேரறிஞர்கள் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஓர் இடம் ஒதுக்கி, பாசாங்கு என்பது வெறும் துடுக்குத்தனம் அன்று, கணக்கில் பிறக்கும் தேவை என்று விளக்கினார்கள். 2017 சனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணிப்பொறி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வருடன் தனித்தனியே மோதியது. இருபது நாட்கள், ஒரு லட்சத்து இருபதாயிரம் கைகள். இறுதியில் நிரலே வென்றது. அதற்குக் காது சிவப்பதில்லை; சென்ற வெள்ளிக்கிழமையின் நாணமும் இல்லை. அதன் வெற்றிக்கு அதன் கணக்குத்திறனே முதற்காரணம். ஆயினும் நம்மைத் தடுமாறச் செய்யும் இவ்விரண்டும் அதனிடம் இல்லாததும் சிறு துணை அன்று.

அந்தத் தாளை எழுதி முடித்தபோது எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க எனக்கு மனம் இல்லை.

2006ஆம் ஆண்டு. தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊரில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய ஒரு பையன் பத்தாம் வகுப்புக்கு வந்தான். ‘இவன் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருவான்’ என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். என் கையில் வந்த ராஜா ஜோடி அவன். காலாண்டுத் தேர்வில் அறுபத்தொன்று வாங்கினான். கணக்கு ஆசிரியர் வந்து, “ஐயா, பையன் வகுப்பில் தூங்குகிறான்” என்றார். “ஒரு தேர்வுதானே, எழுந்துவிடுவான்” என்றேன். அது தவறென்று இன்றும் நான் கருதவில்லை. ஒரு மதிப்பெண்ணைக் கண்டு ஒரு மாணவனைக் கைவிடுவது, மேற்சீட்டைக் கண்டு ராஜாக்களைக் கவிழ்ப்பது போன்றது. ஆனால் அரையாண்டில் நாற்பத்து மூன்று வாங்கினான். ஆசிரியர் மறுபடியும் வந்தார். “அவனை எனக்குத் தெரியும் ஐயா, பொதுத்தேர்வில் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மதிப்பீடு பொய்யாகிவிடுமோ என்று உள்ளூர அஞ்சினேன் போலும்.

பொதுத்தேர்வில் அவன் கணக்கில் தோற்றான். அன்று மாலைதான் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். தென்னையிலிருந்து விழுந்த தந்தை செப்டம்பர் முதல் படுக்கையில் கிடந்தார். பையன் இரவெல்லாம் அரிசி ஆலையில் மூட்டை தைத்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு வந்திருக்கிறான். அவன் தாயார், “ஐயாவிடம் சொல்லச் சொன்னேன், ஐயா என்னை நம்பியிருக்கிறார், எப்படிச் சொல்வேன் என்றான்” என்றார். பின்னர் நடந்த துணைத்தேர்வில் அவன் தேறிவிட்டான். அதற்குள் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்து, ஓராண்டு போய்விட்டது. பிடிவாதம் என்னுடையது; போன ஆண்டு அவனுடையது.

இதனால்தான் இந்த ஆட்டத்தின் கணக்கை உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். நல்ல கையை முதலில் பெற்றவனுக்கே இந்தச் சோதனை வரும். சிறிய சீட்டை வைத்திருப்பவன் எளிதில் விட்டுவிடுவான். நல்ல மதிப்பெண், நல்ல நட்பு, நல்ல திட்டம், நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கருத்து, இவற்றை விடுவதே கடினம். புதிய செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றா? இச்செய்தி மெய்யாகவே என் நிலையை எவ்வளவு மாற்றுகிறது? மேலும் அறிந்துகொள்ள நான் கொடுக்க வேண்டிய விலை என்ன? முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியதும் ‘எனக்கு இந்தப் பாடம் வராது’ என்று விலகுபவர் முதல் வெள்ளிக்கிழமைக்காரர். ஆசிரியரும் நண்பரும் மீண்டும் மீண்டும் சொல்லியும் வழியை மாற்றாதவர் இரண்டாம் வெள்ளிக்கிழமைக்காரர். நடுவில் தள்ளிய கொட்டைகள் நம்முடையவை அல்ல; போட்டதை எண்ணி மேலும் போடுவது கணக்காகாது.

இறுதியாக, மொச்சைக்கொட்டையை ஏன் முதலில் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நான் சொன்ன கணக்குகளெல்லாம் நெடுந்தூரக் கணக்குகள். சரியாக ஆடினவனும் பன்னிரண்டில் ஒரு முறை கடைசிச் சீட்டில் தோற்பான். அவ்வாறு அடுத்தடுத்துத் தோற்கவும் நேரும். கொட்டையை இழந்தவன் சிரித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கு வருவான். கல்லூரிக் கட்டணத்தை இழந்தவனுக்கு அடுத்த வெள்ளி இல்லை. இழந்ததை அன்றிரவே மீட்கத் துடிப்பான். துடிப்பவனால் கணக்குப் போட முடியாது. மேலும், பணம் வைத்து ஆடச் செய்யும் நிலையங்கள் நடுத்தொகையில் ஒரு பங்கையோ, அமர்வதற்கு ஒரு கட்டணத்தையோ தமக்கென்று எடுத்துக்கொள்ளும். ஆகையால் ஆடுவோர் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் கொண்டுவந்ததைவிடக் குறைவாகவே கொண்டுபோவார்கள். இது சந்தேகத்துக்கிடமற்ற கூட்டல் கழித்தல். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்களா, வெறும் வாய்ப்பா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் வாய்ப்பாயினும் இணையவழிப் பணப் பந்தய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்வது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, கணக்கை அறிந்தும் அதிலிருந்து விலகி நில்லுங்கள். அந்த ஆட்டத்தில் உட்காராமலிருப்பதே முதற் கைக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு.

ஹூஸ்டனில் என் கடைசி வெள்ளிக்கிழமையன்று மீண்டும் எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன. மீண்டும் ஏஸ் விழுந்தது. முதியவர் பந்தயம் வைத்தார்; ஈடு வைத்தேன். நான்காம் சீட்டு வந்ததும் மறுபடியும் வைத்தார். அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தேன். அவர் தம் சீட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. “தாத்தா, அவரிடம் ஏஸ் இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?” என்று பேத்தி கேட்டாள். “வேண்டாம் அம்மா, கணக்கைச் சரியாகப் போட்டேன், அது போதும்” என்றேன்.

அன்றிரவு நன்றாக உறங்கினேன். மறுநாள் மொச்சைக் குழம்பும் நன்றாகவே இருந்தது.